கார் தியேட்டர் டார்ச்சம்மா

ஒரு இடத்தை மூடப்போகிறார்கள் என்று தெரிந்தால்தான் ஜனங்களுக்கு அதன்மேல் பாசம் பொத்துக்கொண்டு வரும். அதுவரைக்கும் அந்தப் பாசத்தை எந்தப் பரணில் போட்டு வைத்திருப்பார்களோ தெரியாது. எங்கள் அக்கா வேலை பார்த்த, காரில் உட்கார்ந்தபடியே படம் பார்க்கிற கார் தியேட்டருக்கும் அப்படித்தான் நடந்தது. நான் அங்கே கேன்டீன் நடத்தியவள். டீ ஆற்றிக்கொண்டே எல்லாக் கூத்தையும் பார்த்தேன்.

அக்காவை எல்லோரும் டார்ச்சம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். கேட்டில் டிக்கெட் கிழிப்பது, டார்ச்சைக் காட்டி ஒவ்வொரு காரையும் அதன் வரிசை மேட்டில் ஏற்றி நிறுத்துவது, நடுப்படத்தில் ஹெட்லைட் போடுகிறவனை வாங்கு வாங்கென்று வாங்குவது, எல்லாம் அவள்தான். படத்தின் சத்தம் கார் ரேடியோவில்தான் வரும். இன்ஜினை அணைத்துவிட்டுப் படம் முடியும்வரை ரேடியோ கேட்டால் பழைய பேட்டரி படுத்துவிடும் என்பது எந்த மகாராஜனுக்கும் தெரியாது. படுத்தபிறகு, "உங்க தியேட்டருக்கு வந்துதான் என் வண்டி கெட்டுப்போச்சு" என்பான். அதற்கும் அக்காதான் வயர் கொண்டுவந்து மாட்ட வேண்டும்.

தலைக்கு ஒரு டிக்கெட். அதனால் ஆளை டிக்கியில் படுக்க வைத்துக் கொண்டுவருவார்கள். அக்கா டிக்கியைத் திறக்கச் சொல்லமாட்டாள். காரின் பின்பக்கம் எவ்வளவு தாழ்ந்திருக்கிறது என்று ஒரு பார்வை பார்ப்பாள். பிறகு டிக்கியைத் தட்டி, "உள்ள இருக்கிறவரே, மூச்சு முட்டப்போகுது, வெளிய வாங்க" என்பாள். ஒருமுறை டையெல்லாம் கட்டிய பேங்க் மேனேஜர் ஒருவர் உள்ளேயிருந்து இறங்கினார். சும்மா ஜாலிக்குப் படுத்திருந்தாராம்.

திரை என்றால் துணி கிடையாது, மாடிவீட்டு உயரத்துக்கு ஒரு வெள்ளைச் சுவர். அதன் முதுகோடு ஒட்டி இரண்டு அறைகள். கல்யாணமான நாளிலிருந்து அக்காவும் அத்தானும் அங்கேதான் குடியிருந்தார்கள். முன்னால் வில்லன் செத்துக்கொண்டிருப்பான், பின்னால் அக்கா துணி மடித்துக்கொண்டிருப்பாள். அத்தான் ஆபரேட்டர். ரீல் இருந்த காலத்தில் கொஞ்சமாவது வேலை செய்தார். கம்ப்யூட்டர் வந்தபிறகு பட்டனை அமுக்கிவிட்டுத் தூங்குவதுதான் உத்தியோகம். அதிலும் பட்டனைப் பல நாள் அக்காதான் அமுக்குவாள்.

கூட்டம் ஏன் குறைந்தது என்று ஆளாளுக்கு என் கேன்டீனில் டீ குடித்துக்கொண்டே விளக்கம் சொல்வார்கள். படம்தான் போனிலேயே வந்துவிடுகிறதாம். எதிரே கட்டிய ஷாப்பிங் மாலின் விளக்கில் திரை வெளுத்துப்போகிறதாம். மால் விஷயம் உண்மைதான், இருட்டுக் காட்சியில் பேய்கூட மாவு மில்லிலிருந்து வந்ததுபோல நிற்கும். வண்டிகளும் ஆளைவிட உயரமாகிவிட்டன. அப்படி ஒன்றை முன்னால் நிறுத்தினால் பின்னால் இருக்கிறவனுக்கு அதன் ஸ்டெப்னிதான் படம். அக்கா அவற்றைக் கடைசி வரிசைக்கு அனுப்புவாள். "இவ்வளவு செலவு பண்ணி வண்டி வாங்கியிருக்கேன், என்னையே பின்னாடி போகச் சொல்றீங்களா?" என்று முறுக்கிக்கொண்டு திரும்பிப் போனவர்கள் ஏராளம். போகட்டும், யாருக்கு நஷ்டம் என்று நான் அப்போது நினைத்தேன். நஷ்டம் எங்களுக்குத்தான்.

வாராவாரம் தவறாமல் வந்தது ஒரே ஒரு கார். அதில் வயதான புருஷன் பெண்டாட்டி. அந்த அம்மாவுக்கு முழங்கால் மடங்காது, வேறு எந்தத் தியேட்டர் நாற்காலியிலும் உட்கார முடியாது. பின்சீட்டில் தலையணை வைத்துக் காலை நீட்டிக்கொள்வார். ஐயாவுக்குக் காது மந்தம். ரேடியோவை அலறவிட்டுக்கொண்டு முன்சீட்டில் இருப்பார். நல்ல படம், மட்டமான படம் என்ற பேதமெல்லாம் அவர்களுக்குக் கிடையாது. சனிக்கிழமை சாயங்காலம் என்றால் கார் கேட்டில் நிற்கும்.

பெரிய முதலாளி காலமானபின் மகன் பொறுப்புக்கு வந்தார். அவரைச் சின்னவர் என்போம். ஒரு குடோன் கம்பெனி நிலத்தைக் கேட்டு அவர் வாசலிலேயே நின்றது. அவர் அக்காவிடம் வந்து பேசினார்.

"அக்கா, கொஞ்ச நாள் பார்க்கிறேன். கூட்டம் வந்தா அவங்களை வேண்டாம்னு சொல்லிடுறேன். வரலைன்னா என்னைத் தப்பா நினைக்காதீங்க."

"தப்பா நினைச்சா மட்டும் விட்டுடுவீங்களா தம்பி? கூட்டம்தானே, நான் கொண்டு வர்றேன்."

எப்படிக் கொண்டு வருவாள்? சினிமாக்காரர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. படம் நன்றாக ஓடும்போதே போஸ்டருக்குக் குறுக்கே 'இன்றே கடைசி' என்று ஒரு தாளை ஒட்டுவார்கள். ஜனம் அடித்துப் பிடித்துக்கொண்டு வரும். மறுவாரமும் அதே படம் ஓடும், யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள். அக்கா வாழ்நாளெல்லாம் அந்தத் தாளை ஒட்டியவள். இந்தத் தடவை அதைத் தியேட்டரின் பெயர்ப்பலகைக்குக் குறுக்கேயே ஒட்டப்போனாள்.

"அக்கா, இது படம் இல்ல, தியேட்டர்" என்றேன்.

"ஜனத்துக்கு எல்லாம் ஒண்ணுதான்டி. பசையை எடு."

அந்தச் சனிக்கிழமை தெருமுனை வரைக்கும் கார். கேட்டுக்குள் நுழையும்போதே கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தார்கள். "என் சின்ன வயசே இங்கதான் இருக்கு" என்று ஒருத்தர் என் கேன்டீன் தூணைக் கட்டிப்பிடித்தார். கடைசியாக எப்போது வந்தீர்கள் என்று கேட்டேன். ஸ்கூல் படிக்கும்போதாம். மஞ்சள் சுடிதார் போட்ட ஒரு அம்மா தரையிலிருந்து ஜல்லிக்கல்லைப் பொறுக்கிக் கைக்குட்டையில் முடிந்துகொண்டாள், ஞாபகார்த்தமாம். அந்த ஜல்லி போன மாதம்தான் லாரியில் வந்து இறங்கியது. படத்தை ஒருத்தரும் பார்க்கவில்லை. திரைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு செல்ஃபி எடுத்தார்கள். சின்னவரே கண்கலங்கி, குடோன்காரர்களைக் கொஞ்சம் பொறுக்கச் சொன்னார். அன்றைக்கு அக்கா முகத்தில் இருந்த சந்தோஷத்தை நான் அவள் கல்யாணத்தில்கூடப் பார்த்ததில்லை.

மறுவாரம் அக்கா தாளைக் கிழித்தெறிந்துவிட்டுக் கேட்டைத் திறந்து வைத்தாள். ஐயாவும் அம்மாவும் வந்தார்கள். வேறு ஒரு ஈ காக்கை இல்லை. மூடிவிட்டதாக நம்பி அழுது முடித்தவன் மறுபடி எதற்கு வருவான்? அதற்கடுத்த வாரமும் இதே கதைதான். பிறகு ஒருநாள் அந்த மஞ்சள் சுடிதார் அம்மா காரை நிறுத்தி இறங்கினாள். படம் பார்க்க இல்லை, சண்டை போட.

"ஏமாத்திட்டீங்களே! நான் அன்னைக்கு எப்படி அழுதேன் தெரியுமா?"

"அழுததுக்கு நாங்க தனி டிக்கெட் போடலையே" என்றேன் நான்.

என்னை விட்டுவிட்டு அக்காவிடம் திரும்பினாள். "சரி, நிஜமா எப்ப மூடுறீங்கன்னு சொல்லுங்க. அன்னைக்குக் கண்டிப்பா குடும்பத்தோட வர்றோம்."

அந்த அம்மா மனப்பூர்வமாகத்தான் கேட்டாள், அதுதான் எரிச்சல். அந்த வாரமே அக்கா சின்னவரைப் பார்க்கப் போனாள். கூடவே நானும் போனேன்.

"குடுத்துடுங்க தம்பி."

சின்னவருக்கு உள்ளுக்குள் நிம்மதிதான். அதை மறைக்க ஒரு யோசனை சொன்னார். "நிஜமாவே கடைசின்னு ஒரு நாள் பெருசா பண்ணிடலாமாக்கா?"

"வேண்டாம். அவங்களுக்கு இன்னொரு தடவை அழுற சுகத்தை நான் குடுக்க மாட்டேன்."

எழுந்து விசிலடிக்கலாம் போல இருந்தது எனக்கு. ஆனால் கடைசிக் காட்சி அன்று வந்திருந்தது அந்த ஒரே கார்தான். படம் முடிந்து வெளியே போகும்போது ஐயா கண்ணாடியை இறக்கி, "இது ஒரே அழுமூஞ்சிப் படம். அடுத்த வாரம் சண்டைப்படமா போடுங்க" என்றார். அக்கா, "சரிங்கய்யா" என்று கையை ஆட்டி அனுப்பினாள்.

"அவங்ககிட்டயாவது சொல்லியிருக்கலாம்லக்கா?" என்று எரிந்து விழுந்தேன்.

"வாய் வரலடி."

அக்காவும் அத்தானும் என் வீட்டு ஹாலுக்குக் குடிவந்தார்கள். அத்தானுக்கு இடம் மாறியதே தெரியாது, ஒரு சோபாவிலிருந்து இன்னொரு சோபா. அக்காதான் சனிக்கிழமை மத்தியானத்திலிருந்து இருப்புக்கொள்ளாமல் அலைந்தாள். சாயங்காலம் புடவை மாற்றிக்கொண்டு, "அவங்க வந்து நிப்பாங்கடி" என்றாள். அவளைத் தனியாக அனுப்ப மனசில்லாமல் நானும் செருப்பை மாட்டினேன்.

கேட்டில் பெரிய பூட்டு. சொன்னதுபோலவே கார் வந்து கேட்டில் மூக்கை வைத்து நின்றது. பின்சீட்டில் அந்த அம்மா ஏற்கெனவே காலை நீட்டித் தலையணையைச் சரிசெய்து வைத்திருந்தார். ஐயாவுக்குக் காது கேட்க வேண்டுமே, அக்கா ஜன்னலுக்குள் குனிந்து, தெருவே திரும்பிப் பார்க்கும்படி கத்தினாள்.

"மூடிட்டோங்கய்யா! தியேட்டரை வித்தாச்சு! இனிமே படம் கிடையாது!"

ஐயா சிரித்தார். "போன தடவையும் இதைத்தானே எழுதி ஒட்டுனீங்க. மெதுவா திறங்க டார்ச்சம்மா, நாங்க இருக்கோம்" என்று சொல்லி இன்ஜினை அணைத்துவிட்டு ரேடியோவைப் போட்டார்.