போன் எடுக்க ஒரு ஆள்

கம்ப்யூட்டரில் இணையத்தைத் திறக்க எல்லாரும் ஒரு பிரவுசர் வைத்திருக்கிறோம். அதற்கு யாராவது காசு கொடுத்ததுண்டா? போன மாதம் எங்கள் சங்கத்தில் இதற்காகவே ஒன்றரை மணி நேரம் வாக்குவாதம்!

பத்தாங் பெர்ஜுந்தாய் என்ற எங்கள் சிறு ஊரில் ஒரு கடைவீட்டு மாடியில் இருக்கிறது எங்கள் குடியிருப்பாளர் சங்கம். இரண்டு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர். சுற்றியுள்ள தோட்டத்து மக்களுக்கு ஆன்லைன் பாரம் நிரப்பிக் கொடுப்போம். நான் ரவாங்கில் கிளார்க்காக இருந்து ரிட்டயர் ஆனவன். மனைவி போய் நாலு வருஷம். மகள் தூரத்தில், ஜொகூரில். பகலில் வீட்டில் இருந்தால் டிவியில் செய்தி வாசிப்பவருக்குப் பதில் சொல்ல ஆரம்பித்துவிடுகிறேன்... அதனால் சங்கத்துக்குப் போய்விடுவது.

இருந்த பிரவுசர் பழசாகி, பாதிப் பக்கங்கள் திறக்கவில்லை. புதுசு போட வேண்டும். ஒரு கம்பெனி, வருஷக் கட்டணத்தோடு ஒரு பிரவுசர் தருவதாகச் சொன்னது. எந்தச் சிக்கல் வந்தாலும் போன் பண்ணலாமாம்.

தலைவர் கோவிந்தசாமி லோரி வைத்திருப்பவர். அவருக்கு உடனே பிடித்துப்போனது.

“சும்மா வர்ற சாமான் கெட்டுப் போனா யாரைப் போய்ப் பிடிக்கிறது? காசு கட்டினா போன் எடுக்க ஒரு ஆளாவது இருப்பான்லா.”

“பிரவுசர் லோரி இல்ல தலைவரே. நேரத்துக்கு அப்டேட் வந்தா போதும். அது இலவசத்துலயே வருது” என்றேன்.

கடைசியில் சமரசம். ஒரு கம்ப்யூட்டரில் இலவசம். இன்னொன்றில் கம்பெனிக்காரர்கள் கொடுத்த ஒரு மாத டிரையல்.

அந்த மாதத்தில்தான் லெட்சுமி அக்கா வந்தார். செம்பனைத் தோட்டத்தில் உதிர்ந்து கிடக்கும் பழம் பொறுக்குகிறவர். தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் இன்னும் ஆள் இருப்பது மூன்றே வீட்டில்தான். அதில் ஒன்று அக்காவுடையது. தோட்டம் கைமாறிவிட்டது, வருஷக் கடைசிக்குள் காலி செய்ய வேண்டும். மலிவு விலை வீட்டுக்கு மனு போட அன்று மாலை ஐந்து மணிதான் கடைசி. அக்காவுக்கு விஷயம் தெரிந்ததே அன்று காலையில்!

டிரையல் பிரவுசரில் பாரத்தை நிரப்பி, அனுப்பும் பட்டனை அழுத்தினேன். நகரவில்லை. மறுபடியும்... அப்படியே நின்றது. பக்கத்துக் கம்ப்யூட்டருக்குத் தாவி, இலவசப் பிரவுசரில் முதலிலிருந்து எல்லாம் அடித்தேன். அங்கேயும் அதே கதை. மணி மூன்றே முக்கால்.

அக்கா மடியில் இருந்த பிளாஸ்டிக் பையின் காதைச் சுருட்டி, பிரித்து, சுருட்டிக்கொண்டே இருந்தார்.

வேறு வழி? டிரையல் பிரவுசருக்கே திரும்பி, கம்பெனியின் உதவி எண்ணுக்கு அடித்தேன். பத்து நிமிஷப் பாட்டுக்குப் பிறகு ஒரு பெண் குரல், ஆங்கிலத்தில். நான் பதற்றத்தில் அக்காவிடம் தமிழில் ஏதோ சொல்ல, “அங்கிள், தமிழா? அப்ப தமிழ்லயே பேசுங்க” என்றாள். பினாங்கிலிருந்து பேசுகிறாளாம். என் ஸ்கிரீனைத் தன் பக்கம் திறந்து பார்த்தாள்.

“பிரவுசர் ஓகேதான் அங்கிள். பாரத்துல ஒரு கட்டம் காலியா இருக்கு. மேல சிவப்புல காட்டுது பாருங்க. அவசரத்துக்குக் கூப்பிட வேண்டிய ஆள்... பேரும் நம்பரும் கண்டிப்பா போடணும்.”

எனக்கு அப்போதுதான் உறைத்தது. அந்தக் கட்டத்தை இரண்டு தடவையும் அக்காவிடம் கேட்டேன். இரண்டு தடவையும், “அது வேணாம் தம்பி, அடுத்ததுக்குப் போங்க” என்றார். நானும் போய்விட்டேன்.

“யாராவது ஒருத்தர் நம்பர் சொல்லுங்கக்கா.”

அக்கா தரையைப் பார்த்தார். “வீட்டுக்காரரு இல்ல. பையன் சிங்கப்பூர்ல. பழைய நம்பர் ஒண்ணு இருக்கு தம்பி. எடுக்க மாட்டான். எடுக்காத நம்பரை எழுதினா பொய் சொன்ன மாதிரி ஆயிடாதா?”

போனில் அந்தப் பெண்ணும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

பிறகு நான் என் பெயரையும் நம்பரையும் அடித்தேன்.

“உங்களுக்கு எதுக்கு தம்பி தொந்தரவு?”

“என் போன் சும்மாதான்கா கிடக்குது.”

மனு போய்ச் சேர்ந்தது. என் நம்பரோடு ஒரு பிரிண்ட் எடுத்து அக்கா கையில் கொடுத்தேன். மணி நாலு இருபது. அந்தப் பெண் கடைசியாக, “வேற ஏதாச்சும் உதவி வேணுமா அங்கிள்?” என்றாள். எல்லாரிடமும் கேட்கச் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். தெரியும். ஆனாலும் என்னிடம் அப்படி ஒருவர் கேட்டு எத்தனை நாள் இருக்கும்? “இல்லம்மா” என்றுதான் சொல்ல முடிந்தது.

அடுத்த கூட்டத்தில் தலைவருக்கு ஒரே உற்சாகம். “பாத்தீங்களா, போன் எடுத்தாங்களா இல்லையா?”

எடுத்தார்கள்தான். ஆனால் உண்மையைச் சொல்ல வேண்டும் அல்லவா? பிரவுசரில் கோளாறே இல்லை. கண்ணைத் திறந்து பார்த்திருந்தால் நானே கண்டுபிடித்திருப்பேன். நூறு கம்ப்யூட்டர் ஓடும் தொழிற்சாலைக்குக் கட்டண உதவி தேவைப்படலாம். இரண்டு கம்ப்யூட்டர் சங்கத்துக்குப் பாதுகாப்பு அப்டேட் ஒழுங்காக வருகிற இலவசப் பிரவுசர் போதும். அப்படித்தான் பேசினேன். அதற்குத்தான் கையும் தூக்கினேன். டிரையலை எடுத்துவிட்டார்கள்.

சரியான முடிவு. அன்று வீட்டுக்கு மோட்டார் சைக்கிளில் திரும்பும்போது மட்டும், அந்தப் பினாங்குப் பெண்ணுக்குத் துரோகம் செய்துவிட்ட மாதிரி இருந்தது.

போன ஞாயிறு, மத்தியானச் சாப்பாட்டுக்கு ஒற்றைத் தட்டை எடுத்து வைத்திருக்கிறேன்... போன் அடித்தது. தெரியாத நம்பர்.

“தம்பி, லெட்சுமி பேசறேன்.”

“என்னக்கா, என்ன ஆச்சு?”

“ஒண்ணும் ஆகல. வீடு விஷயமா இன்னும் லெட்டர் வரல. சும்மாதான்... நம்பர் வேலை செய்யுதான்னு பாத்தேன்.”

“செய்யுதுக்கா” என்றேன்.

அதைச் சரிபார்த்து முடிக்க எங்களுக்கு நாற்பது நிமிஷம் ஆனது!