கொத்துக்கறியும் சீனிக்கிழங்கும்

குவைத்தில் ஒரு வீட்டில் ஏறக்குறைய என் வயதில் ஒரு பெண் இருந்தாள். அவளை நான் பார்த்ததில்லை. ஆனால் அவளுக்கு வெண்டைக்காய் பிடிக்காது, புதுச் செருப்பு கடித்து இடது குதிகாலில் புண் வந்திருக்கிறது, முதுகில் தட்டிக்கொடுத்தால்தான் தூங்குவாள் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். பள்ளிக்கூடத்தில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பிள்ளையைப் பற்றிக்கூட எனக்கு அவ்வளவு தெரியாது. அந்தக் குவைத்துப் பெண்ணுக்குத் தலை சீவி, சோறு கொடுத்து, தூங்கவைக்கும் வேலைக்குத்தான் என் அம்மா போயிருந்தாள்.

நாங்கள் கேரளத்தில், பீர்மேட்டுக்கு மேலே ஒரு தேயிலை எஸ்டேட்டின் தொழிலாளர் லயத்தில் இருந்தோம். எஸ்டேட் வேலை இருக்கிறவரைதான் லயத்து வீடு. வேலை முடிந்த அன்று சட்டி பானையைத் தூக்கிக்கொண்டு இறங்க வேண்டும். இறங்கிப் போக ஒரு கூரை வேண்டும் என்றுதான் எனக்கு ஏழு வயதானபோது அம்மா விமானம் ஏறினாள். இரண்டு வருடம், பிறகு வந்துவிடுவேன் என்று சொல்லிவிட்டுப் போனாள். நான் சொல்லப்போகிற ஞாயிற்றுக்கிழமை அந்த இரண்டு வருடம் முடிகிற சமயத்தில் வந்தது.

அப்பாவுக்குத் தேயிலை ஃபேக்டரியில் அடுப்பெரிக்கிற வேலை. கொழுந்து காய்வதற்கு எந்த நேரத்தில் எத்தனை விறகு தள்ள வேண்டும் என்பது அவருக்கு அத்துப்படி. வீட்டு அடுப்பு மட்டும் கடைசிவரை அவருக்குப் பிடிபடவில்லை. காலையில் ஒரு பானை சோறு வடிப்பார். அதற்கு ஒரு ரசம். ராத்திரியும் அதே சோறு, அதே ரசம். ஞாயிறு மட்டும் உப்புப் போட்டு அவித்த கறி. கேட்டால், "சூடா இருக்குல்ல, பிறகு என்ன?" என்பார்.

பள்ளிக்கூடம் விட்டு வந்து, அப்பா வேலை முடிந்து வரும்வரை நான் தனியாக இருப்பேன். பக்கத்து வீட்டுப் பெரியம்மா கூப்பிடுவார். போகமாட்டேன். போனால் காப்பி கொடுப்பார், பிறகு என் தலையைத் தடவிக்கொண்டே, "தாயில்லாப் பிள்ள மாதிரி ஆயிட்டியே" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லுவார். அதைவிட வீட்டிலேயே இருந்துவிடலாம். ஜன்னலுக்கு வெளியே மூடுபனி இறங்கி முதலில் தேயிலைக்காடு காணாமல் போகும், பிறகு எதிர் லயம், பிறகு எங்கள் வாசலில் கட்டியிருந்த துணிக்கயிறு. விளக்கைப் போட்டுவிட்டு, குவைத்துப் பெண் இப்போது என்ன செய்துகொண்டிருப்பாள் என்று யோசிப்பேன். அம்மா என்ன செய்துகொண்டிருப்பாள் என்று யோசிப்பதற்கு அதுதான் வழி.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அம்மா ஃபோன் செய்வாள். லயத்தில் சிக்னல் கிடையாது. மேலே தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில்தான் கிடைக்கும். அதனால் ஞாயிறு மத்தியானம் தொட்டியடியில் எப்போதும் ஒரு கூட்டம் நிற்கும். மகன் திருப்பூரில், மகள் எர்ணாகுளத்தில் என்று ஆளாளுக்கு ஒரு பக்கம் பார்த்துக் கத்திக்கொண்டிருப்பார்கள். எல்லார் வீட்டுக் கதையும் எல்லாருக்கும் கேட்கும்.

குவைத்தில் ஞாயிற்றுக்கிழமையும் பள்ளிக்கூடம் உண்டு. அந்தப் பெண் திரும்பி வருவதற்கு முன் கிடைக்கிற கொஞ்ச நேரம்தான் எங்களுக்கு. பேச்சு நடந்துகொண்டிருக்கும்போதே தூரத்தில் பள்ளி வண்டியின் ஹாரன் சத்தம் கேட்கும். "வண்டி வந்துட்டுட்டி, வச்சிருதேன்" என்பாள் அம்மா. ஒரு வாரம்கூட என் பேச்சு முடிந்து ஃபோன் வைத்ததில்லை. அந்தப் பெண்ணின் வண்டி வந்துதான் வைத்தது.

முதலில் அப்பா பேசுவார். அவர் பேசுவது என்றால் ம், சரி, ஆமா, மழைதான். அவ்வளவுதான். பிறகு என்னிடம் தருவார். எனக்கும் என்ன பேசுவது என்று தெரியாது. ஆகவே ஒவ்வொரு வாரமும் ஒரே கேள்வியைக் கேட்பேன். "அந்தப் பிள்ளைக்கு இன்னிக்கு என்ன சமைச்ச?"

அம்மாவின் குரல் உடனே தெளிந்துவிடும். அப்படித்தான் ஒரு வாரம் அந்தக் கொத்துக்கறியும் சீனிக்கிழங்கும் வந்தது. சர்க்கரைவள்ளிக்கிழங்கைத்தான் நாங்கள் சீனிக்கிழங்கு என்போம்.

"ஒரே சட்டிதான் பாத்துக்க. வெங்காயம் பூண்டு வதக்கி, கொத்துன மாட்டுக்கறியப் போட்டு தண்ணி வத்துற மட்டும் கிளறணும். பிறகு சீனிக்கிழங்க சின்னச் சின்னதா வெட்டிப் போட்டு, ரெண்டு தக்காளி, மொளகுத்தூள், உப்பு. மூடி வச்சிட்டா தன்னால வெந்துரும். சோறே வேண்டாம். அந்தப் பிள்ள சட்டிய வழிச்சு நக்கிப்புடும்."

கடைசி வரியைச் சொல்லும்போது அம்மா சிரித்தாள். அந்தச் சிரிப்பு எனக்குள் எங்கேயோ போய்க் குத்தியது. வீட்டுக்கு வந்ததும் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் அவள் சொன்னதையெல்லாம் அப்படியே எழுதிவைத்தேன்.

அடுத்த ஞாயிறு சர்ச்சில் பூசை முடிந்து அப்பாவும் நானும் கறிக்கடைக்குப் போனோம். அப்பா வழக்கம்போல ஒரு கிலோ கேட்டார். பாதியைக் கொத்தித் தரச் சொல்லுங்கள் என்று நான் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தேன். கறிக்கடைக்காரர் கத்தியை நிறுத்திவிட்டுக் குனிந்து பார்த்தார்.

"எந்தா மோளே, கட்லெட்டா?"

"இல்ல. சீனிக்கிழங்கு போட்டு."

"சீனிக்கிழங்கோ! பீஃபிலயா?" அவர் அப்பாவைப் பார்த்தார். அப்பா வானத்தைப் பார்த்தார். ஆனாலும் கடைக்காரர் மரக்கட்டையில் வைத்துப் பொடிப்பொடியாகக் கொத்தித் தந்தார்.

கிழங்கு எங்கள் வீட்டுக்குப் பின்னால் பெரியம்மா போட்டிருந்த கொடியில் கிடைத்தது. கேட்டுத்தான் பிடுங்கினேன். எதற்கு என்று கேட்டார், அவிக்க என்றேன். அப்பா சாய்ந்து படுத்துக் கண்ணை மூடிய நேரம் பார்த்து கேஸ் அடுப்பைப் பற்றவைத்தேன். வெங்காயம் கொஞ்சம் கருகியது. கறி தண்ணீர் விட்டுக்கொண்டே இருந்தது, வற்றுகிற வழியாகவே தெரியவில்லை. முக்காலியில் நின்று கிளறிக் கிளறிக் கை கடுத்துப் போனது. தண்ணீர் வற்றி எண்ணெய் சடசடவென்று பொரியத் தொடங்கியபோது வந்த வாசனையில் அப்பா எழுந்து வந்துவிட்டார். திட்டுவார் என்று நினைத்தேன். வாசலில் சாய்ந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தார். கிழங்கைப் போட்டு மூடினேன்.

"தீயக் கொற" என்றார். அது ஒன்றுதான் அவர் சொன்னது. அது சரியான யோசனையும்கூட.

சோறில்லாமல் தட்டில் அதை மட்டும் வைத்தேன். அப்பா ஒரு வாய் போட்டுக்கொண்டு, "என்னது, கறி இனிக்கி" என்றார். இன்னொரு வாய். பிறகு தட்டை நீட்டினார். இரண்டாவது தடவையும் போட்டுச் சாப்பிட்டார். அடியில் ஒட்டியிருந்ததை நான் கரண்டியால் சுரண்டிச் சாப்பிட்டேன். அம்மா சொன்ன அந்தப் பெண் சாப்பிடுவதைப் போலவே நக்கியும் பார்த்தேன். அந்த வீட்டு மேசையில் ஒரு ஓரத்தில் போய் உட்கார்ந்துவிட்டதுபோல இருந்தது எனக்கு.

தொட்டிக்கு ஏறும்போது அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். "ஏ பிள்ள, இன்னிக்குச் சமைச்சதெல்லாம் அம்மாட்ட சொல்லாத, என்ன."

"ஏன்ப்பா?"

"சொல்லாதன்னா சொல்லாத." கொஞ்ச தூரம் நடந்தோம். "அம்மா இல்லாம கஷ்டமா இருக்குன்னு சொல்லு."

ஊர் முழுவதும் கேட்கிற இடத்தில் நின்றுகொண்டு அதை எப்படிச் சொல்வது? பெரியம்மா அங்கேதான் நின்றுகொண்டிருந்தார். சொன்னால் இன்னும் ஒரு வாரத்துக்கு என் தலையைத் தடவுவார். அதுவும் போக, சின்னப் பிள்ளையை அடுப்படியில் விட்டதற்கு அம்மா திட்டுவாள் என்று அப்பா பயப்படுகிறார் என்றே நினைத்தேன். பெரிய ஃபேக்டரி அடுப்பையே ஆள்கிறவர் இதற்குப் பயப்படுகிறாரே என்று சிரிப்புகூட வந்தது.

ஃபோன் என் கைக்கு வந்ததும், எப்போதும் கேட்கிற கேள்வியை அன்று கேட்கவில்லை.

"அம்மா, நான் இன்னிக்கு கொத்துக்கறியும் சீனிக்கிழங்கும் செஞ்சேன். நானே செஞ்சேன். அப்பா ரெண்டு தட்டு சாப்புட்டாரு."

சிக்னல் போய்விட்டதோ என்று திரும்பி நின்றேன்.

"கையச் சுட்டுக்கிட்டியாட்டி?"

"இல்லம்மா. எனக்கு எல்லாம் தெரியும். இனிமே நானே சமைச்சுக்குவேன். நீ ஒண்ணும் கவலப்படாத."

"நெசமாவா? ராத்திரி அழமாட்டியே?"

"நான் எதுக்கு அழணும்?" என்றேன், பெரியம்மாவுக்கும் கேட்கட்டும் என்று சத்தமாக.

"சரி தங்கம்" என்றாள் அம்மா. பிறகு ஹாரன் சத்தம் கேட்டது. அன்று வண்டி வந்துவிட்டது என்று அவள் சொல்லவில்லை. ஃபோன்தான் நின்றது.

அம்மா அந்த மாதம் வரவில்லை. இன்னும் இரண்டு வருடம் இருந்தாள். அதற்குப் பிறகும் ஒரு இரண்டு வருடம். அவள் வந்து இறங்கியபோது நான் அவள் காதுவரை வளர்ந்திருந்தேன். அவள் எனக்கு வாங்கி வந்த சட்டைகள் எல்லாம் அவள் மனதில் இருந்த பிள்ளைக்குத்தான் சரியாக இருந்தன.

நர்சிங் படிக்க நான் மங்களூருக்குக் கிளம்புவதற்கு முதல்நாள், பெட்டியில் துணி மடித்து வைத்துக்கொண்டே அம்மா அதைச் சொன்னாள். ஊருக்குப் போகிறேன் என்று அந்த வீட்டு அம்மாவிடம் சொல்லி, பாஸ்போர்ட்டைக்கூட வாங்கி வைத்துவிட்டாளாம். நான் சமைத்த அன்று மத்தியானம் என்னிடம் பேசிய பிறகு மறுபடி போய்க் கொடுத்துவிட்டாளாம். "நீ அப்படிச் சொன்னதும் மனசு நிம்மதியாப் போச்சு பாத்துக்க. பிள்ள பொழச்சுக்கிடும்னு தோணிட்டு" என்றாள். அதை ஒரு நல்ல சேதியாகவே சொன்னாள். நான் மடித்த சட்டையையே பிரித்துப் பிரித்து மடித்துக்கொண்டிருந்தேன். அப்பாவுக்கு இதெல்லாம் அன்றைக்கே தெரிந்திருக்க வேண்டும். வா என்று ஒரு வார்த்தை சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. என் வாயால் சொல்லவைக்கப் பார்த்தார், பாவம்.

ஆனால் அந்த ஞாயிறு மத்தியானம் நான் மிகவும் சந்தோஷமாக இருந்தேன். ஃபோனை அப்பாவிடம் கொடுத்துவிட்டு, தேயிலைச் செடிகளுக்கு நடுவில் படிகளில் தாவித்தாவி இறங்கினேன். குவைத்துப் பெண்ணை ஜெயித்துவிட்டதாகவே நினைப்பு. அவளுக்குச் சாப்பிடத்தானே தெரியும், எனக்குச் சமைக்கவும் தெரியும்.

பாதி வழியில் திரும்பிப் பார்த்தேன். கூட்டம் கலைந்துவிட்டது. அப்பா மட்டும் பேசி முடிந்த ஃபோனைக் காதில் வைத்துக்கொண்டு தொட்டியடியில் நின்றிருந்தார்.

"அப்பா, வாங்க" என்று கூப்பிட்டேன். அவர் வரவில்லை. சிக்னல் திரும்ப வருமா என்று பார்க்கிறார் என்று நினைத்துக்கொண்டு, நான் கீழே இறங்கிப் போனேன்.