அடுத்த பாட்டு

இன்று காலையில் பாட்டுக்கு நடுவே போனில் ஒரு பெண் விளம்பரத்தில் வந்து குளிக்கிற சவர்க்காரம் விற்றாள். கதிரையில் சாய்ந்திருந்த என் வீட்டுக்காரர் அவளுக்கு மரியாதையாகத் தலையாட்டினார். எனக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். இதை ஒழுங்காகச் சொல்ல வருமோ தெரியாது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

கையில் போன் சூடேறினால் எனக்கு ரப்பர் மணம் நினைவுக்கு வரும். சண்டைக்குப் பயந்து எங்கள் தீவை விட்டு இடம்பெயர்ந்து, வலிகாமத்தில் ஒரு வீட்டோடு ஒட்டிய சாய்ப்பில் இருந்த காலம். கரண்ட் இல்லை. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்திப் பெடலைக் கையால் சுற்றினால், டைனமோ டயரில் உரசும், ரேப் ரெக்கோடர் பாடும். எங்களிடம் இருந்தது ஒரே ஒரு கசெற். கலியாணம் முடிந்த புதிதில், ஊர்காவற்றுறைக் கடையொன்றில், தனக்குப் பிடித்த வரிசையில் அவர் பதிவு செய்வித்தது. ஓடி வரும்போது நான் நகையை எடுத்தேன், அவர் அதை எடுத்தார். நகைதான் முதலில் போனது.

மூன்றாம் பாட்டில் அவருக்குக் கை உளையும். சுற்று மெதுவாக, பாடுகிறவரின் குரல் மாடு கத்துவதுபோல் இழுபடும். உடனே என்னைப் பார்ப்பார். நான் வாங்கிச் சுற்றுவேன். சாய்ப்பைத் தந்த வீட்டுக்கார அக்கா சமையலை விட்டுக் குசினி வாசலில் நின்று கேட்பா:

"சைக்கிள் எவ்வளவு தூரம் போட்டுது?"

"இன்னும் பண்ணைப் பாலம் தாண்டேல்லை அக்கா."

அந்தப் பாலம் தாண்டித் தீவில் எங்கள் ஊர் கரம்பொன்னுக்குத் திரும்பிக் கனகாலம். கசெற் நாடா பூஞ்சணம் பிடித்து அறுந்தது. இவருக்கு மறதி வந்தது. "ஆரம்மா நீர்?" என்று என்னையே கேட்பார். ஆனால் ஒரு பாட்டு முடிந்தால், அந்தக் கசெற்றில் அடுத்து வருவதை முணுமுணுப்பார். மூன்றாம் பாட்டில், அதே இடத்தில் குரலை இழுத்துவிட்டு என்னைப் பார்ப்பார். அப்போது மட்டும் நான் ஆர் என்று அவருக்குத் தெரியும்.

பிரான்சில் இருக்கும் மகன், தகப்பனின் முணுமுணுப்பைக் கேட்டுக் கேட்டே போனில் அதே வரிசையைச் செய்து தந்தான். மாதாமாதம் அதற்குக் காசும் கட்டினான். ஒரு நாளைக்கு ஒரு தடவையாவது நான் இவருடைய மனைவியாக இருந்தேன்.

மாரி மழை முடிய மகனுக்கு வேலை போனது. காசு கட்டாவிட்டால் போன் வரிசையைக் குழப்பிவிடுமாம், நடுவில் விளம்பரமும் போடுமாம்.

"காசு குடுத்த பாட்டைத் திருப்பி எடுப்பினமோ தம்பி?"

"அது வாங்கினதில்லை அம்மா. வாடகை மாதிரி. பிறகு பாப்பம்."

பிறகு நான் கேட்கவில்லை. அவன் பாடு அவனுக்கு.

ஒரு பாட்டு முடியும். இவர் அடுத்ததைத் தொடங்குவார். போன் வேறொன்றைப் பாடும். பிழை விட்ட பிள்ளைபோல் இவர் நிறுத்திவிடுவார். அந்த மூன்றாம் பாட்டும் சில வேளை வரும்தான். முன்னுக்கு வரவேண்டிய இரண்டும் வராததால் இவருக்குப் பிடிபடாது. ஒரு நாள் கதவைச் சாத்திவிட்டு, வெட்கத்தை விட்டு, நானே அந்த இடத்தை இழுத்துப் பாடிப் பார்த்தேன். இவர் போனைத்தான் பார்த்தார்.

இப்போது முணுமுணுப்பும் இல்லை. போன் பாடினால் யன்னல் பக்கம் பார்க்கிறார். அயலில் எங்கோ லவுட்ஸ்பீக்கர் கட்டியிருக்கிறார்கள் என்ற நினைப்பு.

"ஆரின்ரை வீட்டிலை கலியாணம்? எங்களுக்குச் சொல்லேல்லையே."

"ஆரோ தெரியாத ஆக்கள்" என்கிறேன்.

நம்பிவிடுகிறார்.