கூடைப்பந்து வீரரின் இடது முழங்கால்

அலமாரியைத் திறந்தபோது ஒரு தீக்குச்சி தரையில் விழுந்தது. அந்த வீட்டில் யாரும் புகைபிடிப்பதில்லை. அடுப்பு பொத்தானை அழுத்தினால் பற்றுகிற வகை. ஆகவே அது கதவிடுக்கில் வேண்டுமென்றே செருகப்பட்ட குச்சி. நான் அலமாரியைத் திறக்கிறேனா என்று யாரோ அறிய விரும்பினார்கள். மடித்த சட்டைகளை உள்ளே வைத்துவிட்டு, குச்சி இருந்திருக்கக்கூடிய உயரத்தைக் கணித்து மறுபடி செருகினேன். அடுத்த முறை இரண்டு குச்சிகள் விழுந்தன.

வீடு ஸ்ஃபெர்ராகவால்லோவில், மீன் உணவகங்களுக்குப் பின்னால் இரண்டாம் மாடியில் இருந்தது. சிசிலியில், பலெர்மோவின் கூடைப்பந்துக் கழகம் ஒன்று தன் அமெரிக்க வீரருக்காக அதை வாடகைக்கு எடுத்திருந்தது. தொண்ணூறுகளின் நடுவில் நான் செவ்வாயும் வெள்ளியும் நான் குடியிருந்த கபோச் சந்தைப் பகுதியிலிருந்து இரண்டு பஸ் மாறிப் போய் அதைத் துப்புரவாக்கினேன். சாவியைக் காலையில் கழக அலுவலகத்தில் வாங்கி மாலையில் அங்கேயே கொடுக்க வேண்டும். சாவி கொடுக்கும் மேலாளரை எல்லோரும் தொத்தோரே, அதாவது பட்டதாரி ஐயா, என்று அழைத்தார்கள். எதில் பட்டம் பெற்றவர் என்று நான் கேட்கவில்லை. சாவி அவர் கையிலிருந்து வந்ததால், வீரருக்கு நான் கழகத்தின் ஆள்.

அவர் ஆடிய இடத்துக்குக் கார்ட் என்று பெயர். பந்தைத் தட்டிக்கொண்டு வந்து, மற்ற நால்வரும் எங்கே நிற்க வேண்டும் என்று விரலால் காட்டுகிற வேலை. அந்த ஆட்டத்தின் கணக்கில் அவர் குள்ளம். நான் அண்ணாந்து பார்க்க வேண்டியிருந்தது. துருக்கி, வெனிசுவேலா, பிலிப்பைன்ஸ், கிரீஸ், ஸ்பெயினில் இரண்டு ஊர்கள் என்று ஆடியவர். எங்கும் இரண்டு பருவத்துக்கு மேல் இருந்ததில்லை.

ஈரத் தரையில் விரிக்க எடுத்த பழைய பத்திரிகையை நான் நின்றபடி வாசித்துக்கொண்டிருந்ததை ஒருநாள் கண்டுவிட்டார். அவர் பேசியது ஆங்கிலம். என் காதில் விழுந்தபடி எங்கள் யாழ்ப்பாணப் பேச்சில் எழுதுகிறேன்.

"உனக்கு இத்தாலியன் வாசிக்கத் தெரியுமோ?"

"ஓம் சேர். ஊரிலை பத்திரிகையிலை ஒப்புநோக்காளரா இருந்தனான்."

"அது என்ன வேலை?"

"அச்சுக்குப் போக முதல் பிழை பிடிக்கிறது."

"பொலிஸ் எண்டு சொல்லு," என்றார். அன்றிலிருந்து எனக்கு எடிட்டர் என்று பெயர்.

கழகத்தின் மொழிபெயர்ப்பாளரை அவர் நம்பவில்லை. எல்லாவற்றையும் இனிப்பாக்கிச் சொல்கிறானாம். ஆகவே செவ்வாய்தோறும் விளையாட்டுப் பக்கத்தை நான் வாசித்துச் சொன்னேன்.

"'கால் கனத்துப்போச்சு' எண்டு போட்டிருக்கு."

"ஆற்றை கால்?"

"உங்கட கால்தான் சேர்."

கொஞ்ச நேரம் தன் கால்களைப் பார்த்துவிட்டு, "இந்த வயசிலை ஜனவரியிலை அனுப்பினாங்கள் எண்டா நான் முடிஞ்சன், எடிட்டர். பருவத்தின்ரை நடுவிலை ஒருத்தரும் கூப்பிட மாட்டினம்," என்றார். ஒவ்வோர் அணியிலும் வெளிநாட்டவர் இருவருக்குத்தான் இடம். அந்த இருவரையும் மாற்றுவதா என்று ஜனவரியில் முடிவெடுப்பார்கள்.

குளிர்பெட்டியில் உணவைவிட ஐஸ் அதிகம் இருந்தது. குளியலறையில் ஐஸ் சுற்றிய ஈரத் துவாய்கள் எப்போதும் தொட்டியின் இடது பக்கம் கிடந்தன. மேசையில் ஒரு நீலக் கோப்பு இருக்கும். ஒரு வெள்ளிக்கிழமை, அவர் பயிற்சிக்குப் போயிருந்தபோது அதைத் திறந்தேன். யாரும் என்னைத் திறக்கச் சொல்லவில்லை. ஒவ்வொரு நாட்டிலும் அவரைப் பற்றி வந்த பத்திரிகைத் துண்டுகள். கிரேக்க எழுத்து எனக்குத் தெரியாது, ஆனால் படத்துக்கு மொழி வேண்டியதில்லை. மருத்துவமனை வாசலில் ஊன்றுகோல்களோடு அவர் நின்றார். இடது கால் தொடை வரை கட்டுப் போட்டிருந்தது.

அந்த மாலை சாவியைக் கொடுக்கும்போது தொத்தோரே கதிரையைக் காட்டினார். அதற்கு முன் என்னை இருக்கச் சொன்னதில்லை.

"உன்னோடை கதைக்கிறாராமே. முழங்காலைப் பற்றி ஏதும் சொன்னவரோ?"

"இல்லை."

"ஒரு சத்திரசிகிச்சையும் நடக்கேல்லை எண்டு ஒப்பந்தத்திலை கையெழுத்து வைச்சவர். தழும்பைக் கேட்டா, சின்னனிலை சைக்கிளாலை விழுந்தது எண்டுறார். பொய்யெண்டா நாளைக்கே அனுப்பலாம்." சாவியை மேசை லாச்சிக்குள் போட்டார். "உன்ரை பெர்மெஸ்ஸோ எப்ப முடியுது?"

"மார்ச்சிலை."

"ம்," என்றார். வதிவிட அனுமதியைப் புதுப்பிக்கக் கழகத்தின் கடிதம் எனக்கு வேண்டும்.

கபோவில் என் அறையில் என்னோடு இருந்த மன்னார்க்காரனிடம் மட்டும் தீக்குச்சி, கோப்பு, தொத்தோரே கேட்டது எல்லாவற்றையும் சொன்னேன். ஞாயிறு பூசை முடிந்து, கபோவில் வாங்கிய கணவாயைத் துப்புரவாக்கிக்கொண்டிருந்தான்.

"உங்களுக்கென்ன விசரோ அண்ணை? கண்டதைச் சொல்லிப்போட்டு வாங்கோ. அவன் என்ன உங்கட மச்சானோ?"

"சொன்னா அவனை அனுப்பிப்போடுவாங்கள்."

"சொல்லாட்டி உங்களை அனுப்புவாங்கள். அவனுக்குப் போக அமெரிக்கா இருக்கு. உங்களுக்கு?"

"நீ கணவாயைப் பார்."

"பாக்கிறன். ஆனா ஒண்டு. தீக்குச்சி வைக்கிறவன் கோப்பைச் சும்மா மேசையிலை விட்டுட்டுப் போவானோ? சோதிக்கிறான் அண்ணை."

இதை நான் யோசித்திருக்கவில்லை. அதற்குப் பிறகு வேறெதையும் யோசிக்க முடியவில்லை. தொத்தோரேயிடம் எதுவும் சொல்லவில்லை. வீரரிடமும் சொல்லவில்லை.

டிசம்பரில், கழகத்தின் மொழிபெயர்ப்பாளரை வைத்து எடுத்த அவருடைய பேட்டி பத்திரிகையில் வந்தது. அரைப் பக்கம், பெரிய படம். வழக்கம்போல வாசித்தேன். எந்த ஊரின் சாப்பாடு சிறந்தது என்று நிருபர் கேட்டிருந்தார். கிரேக்க நகரம் ஒன்றைச் சொன்ன அவர், அங்கே வீட்டுக்காரி ஒரு குளிர்காலம் முழுக்கப் பருப்புக் கஞ்சியை மாடிக்குச் சுமந்து வந்து ஊட்டாத குறையாகக் கொடுத்தாள் என்றும், அந்த வீட்டின் அறுபது படிகளையும் இறங்கி வசந்தத்தில்தான் தெருவைப் பார்த்ததாகவும் சொல்லியிருந்தார்.

அந்த வரியில் என் குரல் நின்றது. குவெஸ்தூரா என்ற பொலிஸ் தலைமையகத்தில் அகதி மனுவோடு வரிசையில் நின்ற எங்கள் எல்லோருக்கும் இது தெரியும். ஒரு கதையை ஒருமுறை எழுதிக் கொடுத்தபின் அதில் ஒரு வாழைப்பழத்தைக்கூடச் சேர்க்கக்கூடாது. சுவையான இடத்தில்தான் அதிகாரி பேனாவை எடுப்பார். நல்ல கால் உள்ள ஆட்டக்காரன் எதற்காக ஒரு குளிர்காலம் படி இறங்காமல் கிடந்தான்?

"ஏன் நிப்பாட்டினாய்?"

"எழுத்து சின்னன் சேர்."

மீதியை வாசித்தேன். "வடிவா எழுதியிருக்கிறான்," என்று அவர் சிரித்தார். அந்தக் கஞ்சியின் நினைவில் இருந்தார் போலும். அல்லது என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். எது என்று எனக்குத் தெரியவில்லை. பிழையைச் சுட்டினால், கட்டுப் போட்ட காலைப் பற்றி எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பார். நான் தரையைத் துடைக்கப் போனேன்.

தொத்தோரே அதற்குப் பிறகு என்னிடம் எதுவும் கேட்கவில்லை. அதுவே எனக்குச் சந்தேகமாக இருந்தது.

ஜனவரியில் ஒரு வெள்ளிக்கிழமை போனபோது வீரர் வெளியே போகும் மேலங்கியை அணிந்து கதிரையில் இருந்தார். பெட்டி கதவருகே நின்றது. முதல்நாள் கழகத்தின் வைத்தியர் முழங்காலைப் படம் எடுத்து, பழைய சத்திரசிகிச்சையைக் கண்டுபிடித்திருக்கிறார்.

"நீதானே சொன்னனீ?"

"இல்லை சேர்."

"அப்ப ஆர்? உன்னைத் தவிர இஞ்சை ஆர் வாறது?"

பழைய பத்திரிகைகளுக்குள் பேட்டி வந்த பக்கத்தைத் தேடி எடுத்து, கஞ்சி வந்த வரியை மறுபடி வாசித்தேன். இம்முறை மெதுவாக. அவர் கையை நீட்டி அந்தத் தாளை வாங்கி, தனக்குப் புரியாத எழுத்துகளை வெகுநேரம் பார்த்தார்.

"இதை டிசம்பரிலை எனக்கு வாசிச்சனீ."

"ஓம்."

"அப்பவே கண்டனியோ?"

"கண்டனான்."

"அண்டைக்கே சொல்லியிருந்தா, அந்த மொழிபெயர்ப்பாளன் பிழையா விளங்கிக்கொண்டான், ஒரு கிழமை காய்ச்சல் எண்டுதான் சொன்னனான் எண்டு பேப்பருக்குச் சொல்லியிருப்பன். திருத்தம் போட்டிருப்பாங்களே?"

"போட்டிருப்பினம்."

யாழ்ப்பாணத்தில் அப்படிப்பட்ட இரண்டு வரித் திருத்தங்களை எத்தனையோ முறை நானே எழுதியிருக்கிறேன். பேட்டி வந்த அன்று பஸ்ஸில் திரும்பும்போது இதற்கான திருத்தத்தையும் மனதுக்குள் எழுதிப் பார்த்திருந்தேன். இத்தாலியனில், சரியாக இரண்டு வரி.

"நீ போய்த் தொத்தோரேயிட்டைச் சொன்னனீ எண்டா எனக்கு விளங்கியிருக்கும். கண்டும் சும்மா இருந்ததுதான் விளங்கேல்லை," என்றார்.

கீழே கழகத்தின் கார் ஹோர்ன் அடித்தது. நான் பெட்டியைத் தூக்கக் குனிந்தேன். என் கையை விலக்கிவிட்டு, அதை வலது கையில் எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு படியிலும் இரண்டு கால்களையும் வைத்து வைத்து இறங்கினார்.