வேவு பார்க்க ஏறிய தையல்காரி

எனக்கு எழுபத்தொன்பது வயது. ஆறு பேரை வளர்த்தேன். ஐந்து பேர் நான் பெற்றவர்கள், ஆறாவது முத்து, இறந்துபோன என் அக்காவின் மகன். எனக்குப் பள்ளிக்கூடம் அதிகமில்லை. எழுதுவது பேத்தி, சொல்வது நான்.

எங்கள் தீவில் நமாகா என்ற ஊரில் ஒரு கம்பெனி சுற்றுலாக்காரர்களுக்காகப் பறக்கும் படகு ஒன்று வைத்திருந்தது. கடலிலேயே இறங்கும், கடலிலிருந்தே கிளம்பும் விமானம். அதன் சீட் கவர், பெல்ட், கேன்வாஸ் எல்லாம் நான் தைத்தவை. முத்து மெக்கானிக்.

ராணுவம் ஆட்சியைப் பிடித்ததும் முதலாளி ஆஸ்திரேலியாவுக்குப் போய்விட்டார். முத்துவின் மனைவியும் குழந்தையும் கனடா போய்ச் சேர்ந்தார்கள். அவனும் கிளம்பும் நேரத்தில் ஒரு ராணுவக் கேப்டன் வந்து படகை எடுத்துக்கொண்டார். அதை ஓட்டவும் தெரிந்தவர். எங்கள் ஊர் இந்தியில் பேசுவார், தமிழில் சொல்கிறேன்.

“இதை வேவு விமானமா மாத்தணும். ஆயுதக் கப்பல் வருதான்னு மேலேர்ந்து பாக்கணும். அது பறக்கிற வரைக்கும் முத்து பாஸ்போர்ட் என்கிட்ட இருக்கட்டும்.”

முத்துவின் கனடா விசா முடிய ஒரு மாதங்கூட இல்லை.

முதல் ஓட்டம்

வால் பக்கம் ஜன்னல் வெட்டினான் முத்து. வேவு பார்ப்பவருக்கு நான் கேன்வாஸ் இருக்கை தைத்தேன். உட்கார வந்தவர்கள் இரண்டு சிப்பாய்கள். ஒருவர் ரக்பி ஆடுகிறவர், மற்றவர் அவரைவிடப் பெரிய உடம்புக்காரர். கூடவே ரேடியோ பெட்டி, யங்கோனா என்ற போதை தரும் வேர்ப்பொடியைக் கலக்கிக் குடிக்கும் மரத்தொட்டி. அது இல்லாமல் நெடுநேரம் கடலைப் பார்த்துக்கொண்டிருக்க முடியாதாம்.

வேகம் பிடித்ததும் படகின் வயிறு தண்ணீரைவிட்டு எழும்ப வேண்டும். ‘ஸ்டெப் ஏறுவது’ என்போம். இது ஏறவில்லை. வளைகுடா முழுக்க ஓடி அக்கரையில் போய் நின்றது. அங்கிருந்த பெண்கள் ஃபெர்ரி என்று நினைத்து மூட்டையோடு வந்தார்கள்.

ரேடியோவை இறக்கிப் பார்த்தோம், அப்போதும் ஏறவில்லை. தொட்டியை இறக்க யாரும் சம்மதிக்கவில்லை.

“இன்னும் என்னத்த இறக்கணும்?” என்றார் கேப்டன்.

“ராணுவத்தை இறக்கிட்டா பறக்கும் சார்,” என்றான் முத்து.

கேப்டன் சிரிக்கவில்லை. சுற்றிலும் பார்த்தார். எலும்பும் தோலுமாக நின்றது நான் ஒருத்திதான்.

“ஆன்ட்டி, வர்றீங்களா?”

“பறந்துட்டா பாஸ்போர்ட்டக் குடுத்துருவீங்களா?”

“குடுத்துர்றேன்.”

“வேணாம் சித்தி,” என்றான் முத்து.

“சும்மா இருடா. நான் தச்ச சீட்டுல நான் உக்காரக் கூடாதா?”

மேலே

சிப்பாய்கள் இறங்க, புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு நான் ஏறினேன். படகு ஸ்டெப் ஏறியது, பறந்தது. காதில் மாட்டியிருந்த கருவியில் கேப்டன் குரல் வந்தது.

“நல்லாப் பறக்குது ஆன்ட்டி. அடுத்து கேமரா மாட்டணும். முத்து இன்னும் ஆறு மாசம் இருக்கட்டும்.”

சிப்பாய்கள் விட்டுப்போன பைனாகுலரைக் கண்ணில் வைத்தேன்.

“சந்தேகப்படுற மாதிரி ஏதாவது தெரியுதா?” என்று கேட்டார்.

“தெரியுது. சபேட்டோ பாலத்துல காவலுக்கு ஆளில்ல.”

“என்னது?”

“காவல் சிப்பாய்ங்க ஆத்துல குளிக்கிறாங்க. நாலு பேரு. துணி ஜீப் மேல காயுது, பக்கத்துலயே துப்பாக்கி. ஒருத்தர் கரும்பு தின்னுறாரு.”

கேப்டன் படகைச் சாய்த்துத் தானும் எட்டிப் பார்த்தார்.

“அதை ரிப்போர்ட்ல எழுத வேணாம் ஆன்ட்டி.”

“எழுத எனக்கு எங்க சார் வரும்? சந்தையில சொல்லத்தான் வரும்.”

இறங்கி, படகைக் கயிற்றில் கட்டுவதற்கு முன்பே பாஸ்போர்ட் முத்துவின் கைக்கு வந்துவிட்டது. அந்த வாரமே அவன் கனடா போனான். ஜன்னலைத் தகடு வைத்து அடைத்தார்கள்.

வேலைக்குப் போகும் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன்: நீங்கள் செய்து முடித்ததில் நீங்களே ஒருமுறை உட்கார்ந்து பாருங்கள். அங்கிருந்து என்னவெல்லாம் தெரிகிறது என்று அப்போதுதான் புரியும்.

ரோஷ்னி, எங்கே, முதலிலிருந்து படி. சந்தை என்று நான் சொன்ன இடத்தில் கொஞ்சம் நிறுத்து. அதைக் கேட்டு கேப்டன் வாயடைத்துப் போனாரே, அவ்வளவு நேரம்.