டேய் பன்னீரும் ஒரு லைட்வெயிட் ஹேமக்கும்

பொங்கலுக்குக் கொஞ்ச நாள் முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை. காபி தேடி அடுப்படிக்குப் போனேன். காபி இல்லை. என் மனைவி வசந்தி, கேக்குக்கு மாவு நிறுக்கிற சின்னத் தராசில் ஒரு துணிப்பொட்டலத்தை வைத்து, குனிந்து எடை பார்த்துக்கொண்டிருந்தாள். காதுக்கும் தோளுக்கும் நடுவில் செல்போன்.

"டேய் பன்னீரு, அரைக்கிலோவத் தாண்டுதுடா! நாடாவையும் சேத்தா இன்னும் ஏறும்போல."

அந்தப் பக்கம் யாரோ என்னவோ சொல்ல, விழுந்து விழுந்து சிரித்தாள்.

எனக்கு இரண்டு விஷயம் உறைத்தது. ஒன்று, காபி இப்போதைக்கு வராது. இரண்டாவது... டேய்!

என்னை அவள் 'என்னங்க' என்பாள். கோபம் வந்தால் 'இங்க பாருங்க'. ரொம்பக் கோபம் வந்தால் பேசவே மாட்டாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவளிடம் ஒரு 'டேய்' இருந்ததே எனக்குத் தெரியாது. எங்கே வைத்திருந்தாள் அதை? யாருக்காக?

பன்னீருக்காக.

பன்னீர், வசந்தியோடு விவசாயம் படித்தவர். இப்போது பட்டுக்கோட்டை பக்கம் தென்னந்தோப்பு வைத்திருக்கிறார். பழைய வகுப்புக் கூட்டம் வாட்ஸ்அப்பில் மறுபடி ஒன்று சேர்ந்து, ஆளாளுக்குப் பேரப்பிள்ளை போட்டோ போட்டு ஓய்ந்த பிறகு, திடீரென்று ஒரு திட்டம் போட்டிருக்கிறது. கொல்லிமலையில் தெரிந்தவர் ஒருத்தரின் காபித் தோட்டம். முதுகில் பை மாட்டிக்கொண்டு இரண்டு நாள் நடை. மூன்று பெண்கள், இரண்டு ஆண்கள். டென்ட் தூக்கினால் முதுகு போய்விடும் என்பதால் ஆளுக்கொரு ஹேமக்.

ஹேமக் தெரியும்தானே? இரண்டு மரத்துக்கு நடுவே கட்டிப் படுத்துக்கொள்கிற துணி. பெரியவர்களுக்கான தூளி என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

"என்கிட்ட சொல்லவே இல்லையே?" என்றேன்.

"சொன்னேனே... நீங்க டிவில மேட்ச் பாத்துக்கிட்டு இருந்தீங்க. ம்ம்னு வேற சொன்னீங்க."

"நானும் வரலாமான்னு ஒரு வார்த்தை கேக்கலையே?"

"மாடிக்குப் போய்த் துணி எடுத்துட்டு வந்தாலே உக்காந்துடுறீங்க. மலை எங்க ஏறுறது?"

நியாயம்தான். அவள் வேளாண்மைத் துறை. தினமும் வரப்பு வரப்பாக நடந்து பயிரில் பூச்சி விழுந்திருக்கிறதா என்று பார்க்கிற உத்தியோகம். நான் பேங்க்கில் உட்கார்ந்தே வேலை பார்த்து, உட்கார்ந்தே ரிட்டயர் ஆகி, இப்போது உட்கார்ந்தே பத்திரிகைக்குப் பத்தி எழுதுகிறவன். என் நடைப்பயிற்சி கேட்டில் சொருகியிருக்கும் பேப்பர் வரைக்கும்.

"எந்த ஹேமக் வாங்குறதுன்னுதான் ஒரே குழப்பம். இது கூட வர்ற லீலாவோடது, எடை பாக்க வாங்கிட்டு வந்தேன். பன்னீர் ஒண்ணு சொல்றான்..."

பன்னீர் சொல்கிறானாம்! வீட்டில் கல்லு மாதிரி ஒருத்தன் உட்கார்ந்திருக்கிறேன்.

அன்றைக்கே ஆரம்பித்தேன். எந்தப் பரீட்சைக்கும் நான் அப்படிப் படித்ததில்லை. யூ டியூபில் தாடி வைத்த வெள்ளைக்காரர்கள் பனிக்காட்டில் தொங்கிக்கொண்டு சொன்னதையெல்லாம் கேட்டேன். பாராசூட் நைலான் என்றால் என்ன, அகலம் எவ்வளவு இருந்தால் தோள் நெருக்காது, மெல்லிய கயிறு கட்டினால் மரப்பட்டை எப்படி அறுபடும், அதற்கு ஏன் பட்டை நாடா வேண்டும்... எல்லாம் அத்துப்படி. பொறாமை வந்தால் மனிதனுக்கு என்ன ஒரு ஞாபக சக்தி!

ராத்திரி சாப்பாட்டில் மெதுவாக எடுத்துவிட்டேன்.

"ஹேமக்ல நேரா படுக்கக் கூடாது தெரியுமா? கோணலா, குறுக்கால படுக்கணும். அப்பத்தான் முதுகு வளையாது."

வசந்தி ரசம் ஊற்றிக்கொண்டே சொன்னாள்: "பன்னீரும் இதத்தான் சொன்னான்."

"இழுத்து விறைப்பா கட்டக் கூடாது. கொஞ்சம் தொய்வா..."

"ஆமா, சொன்னான்."

அதற்கப்புறம் ரசத்தில் உப்பு இருந்ததா இல்லையா என்றே எனக்குத் தெரியாது.

சரி, அவன் சொல்லாத ஒன்றைச் சொல்லியாக வேண்டுமே? யோசித்தேன். பன்னீரின் ஆலோசனை: இருப்பதிலேயே லேசான சிங்கிள் ஹேமக், கொசுவலை கிடையாது. அப்படியா? நான் அவளுக்குத் தெரியாமல் ஒன்று ஆர்டர் செய்தேன். கொசுவலை, ஜிப், பக்கத்தில் கண்ணாடி வைக்கப் பை, மேலே மழைக்குத் தார்ப்பாய். அதோடு டபுள். இரண்டு பேர் படுக்கலாம்.

ஏன் டபுள் என்று கேட்காதீர்கள். ஆர்டர் பட்டனை அமுக்கும்போது நானே என்னைக் கேட்டுக்கொள்ளவில்லை.

பொங்கல் முடிந்த சனிக்கிழமை, பன்னீர் தோப்பில் ஒத்திகை. "நானும் வர்றேன், கார் ஓட்டணும்ல" என்றேன். வசந்திக்கு என்னைவிட நன்றாகக் கார் ஓட்டத் தெரியும். சிரித்துக்கொண்டே சாவியை என் கையில் கொடுத்தாள்.

பன்னீரை மனசுக்குள் எப்படியெல்லாமோ வரைந்து வைத்திருந்தேன். டை அடித்த முடி, டி-ஷர்ட், கூலிங் கிளாஸ். ஆசாமி கைலியில் நின்றார். தலை முழுக்க நரை. அதுதான் எரிச்சல் — அந்த நரை அவருக்கு அவ்வளவு பொருத்தமாக இருந்தது. வயிறு என்று ஒன்று இல்லவே இல்லை.

"வாங்க சார், வாங்க! உங்க பத்தியை விடாம படிக்கிறேன். இளநி வெட்டச் சொல்லட்டுமா?"

ஒரு ஆள்மேல் பொறாமைப்படுவது ஏற்கெனவே கஷ்டமான வேலை. அந்த ஆள் நல்லவராகவும் இருந்துவிட்டால்?

அவர் மனைவி கலா சேர் போட்டு உட்காரவைத்தார். "நீங்க போகலையாம்மா?" என்று கேட்டேன்.

"எனக்குப் பாயில படுத்தாத்தான் சார் தூக்கம் வரும். அந்தரத்துல எல்லாம் தொங்க முடியாது."

"இல்ல... அவர் மட்டும் போறாரே, உங்களுக்கு ஒண்ணும் தோணலையா?"

"ரெண்டு நாளைக்கு டிவி ரிமோட் என் கையில. வேற என்ன சார் தோணணும்?"

அந்தத் தெளிவில் கொஞ்சம் எனக்குக் கடன் கொடுக்க மாட்டாரா என்றிருந்தது.

பன்னீர் அண்ணாந்து பார்த்துப் பார்த்து மரத்தைத் தேர்ந்தெடுத்தார். காய் பறித்து முடித்த மரமாக வேண்டுமாம். "மேல குலை இருக்கிற மரத்துல கட்டினோம்னா வம்பு சார். தூங்குறப்ப தேங்காய் விழுந்தா எந்த ஹேமக்கும் காப்பாத்தாது." இதை எந்தத் தாடிக்காரனும் எனக்குச் சொல்லவில்லை.

அவருடைய ஹேமக்கை ஒரு மாம்பழம் அளவுப் பையிலிருந்து எடுத்தார். நாடாவை மரத்தில் சுற்றிக் கொக்கியை மாட்டினார். முடிந்தது.

நான் கார் டிக்கியிலிருந்து என்னுடையதை எடுத்து வந்தேன். தலையணை அளவுப் பொட்டலம். வசந்தி என்னைப் பார்த்தாள், பொட்டலத்தைப் பார்த்தாள்.

"இது எப்ப வாங்குனீங்க?"

"சும்மா... உனக்கு ஒரு சர்ப்ரைஸா இருக்கட்டுமேன்னு."

கட்டி முடிக்க வெகுநேரம் ஆனது. "நான் முதல்ல பாக்குறேன்" என்று உள்ளே ஏறிப் படுத்து, கோணலாகத் திரும்பி, கெத்தாகக் கொசுவலை ஜிப்பை இழுத்து மூடினேன். வெளியில் இருந்தவர்கள் எல்லாரும் மங்கலாகத் தெரிந்தார்கள். நன்றாகத்தான் இருந்தது. திறக்கப் பார்த்தேன். ஜிப் வலையைக் கடித்துக்கொண்டது. மேலே இழுத்தேன், கீழே இழுத்தேன். தொட்டில் ஆடியதுதான் மிச்சம்.

"என்னங்க, என்ன ஆச்சு?"

"ஒண்ணுமில்ல, காத்து வாங்கிட்டு இருக்கேன்."

கடைசியில் பன்னீர்தான் வந்தார். சிரிக்காமல், நிதானமாக, வலையை ஒவ்வொரு பல்லாக விடுவித்து ஜிப்பைத் திறந்தார். "புது ஜிப்புன்னா இப்படித்தான் சார். கொஞ்சம் மெழுகு தேச்சா சரியாயிடும்." சிரித்திருந்தாலாவது தேவலை.

அப்புறம் வசந்தி பன்னீரின் சின்ன ஹேமக்கில் ஏறினாள். சேலையை ஒதுக்கிக்கொண்டு உட்கார்ந்து, மெதுவாகச் சாய்ந்தாள். துணி அவளை அப்படியே வாங்கிக்கொண்டது. கண்ணை மூடினாள். முகத்தில் இருந்த எல்லாம் ஒவ்வொன்றாகக் கழன்று விழுந்ததைப் பார்த்தேன் — ஆபீஸ், சமையல், என் பிரஷர் மாத்திரை, எல்லாம். அந்த முகத்தை நான் ரொம்ப நாளாகப் பார்த்ததில்லை. நான் பக்கத்தில் இருக்கும்போது அது வந்ததே இல்லையோ என்றுகூடத் தோன்றியது.

"இதேதான்டா எனக்கு வேணும்" என்றாள் கண்ணைத் திறக்காமல்.

"அது இன்னும் பெரிசு, வசதி. ரெண்டு பேர்கூட..." என்றேன்.

"கனமா இருக்குங்க. நான்தானே தூக்கிட்டு நடக்கணும்?"

"நான் தூக்கிட்டு வர்றேன்."

வாய் முந்திக்கொண்டது. பன்னீர்தான் முதலில் பேசினார். "சாரும் வரட்டுமே வசந்தி. மெதுவா நடந்தாப் போச்சு."

"வேணாம்டா" என்றாள்.

அவ்வளவுதான். சுருக்கமாக, மெதுவாக. கலா எழுந்து காபி போடப் போய்விட்டார்.

திரும்பும்போது வசந்திதான் கார் ஓட்டினாள். ரோட்டுக்கு இரண்டு பக்கமும் சம்பா பழுத்துத் தலை சாய்ந்து நின்றது. எனக்கு எதுவும் அழகாகத் தெரியவில்லை.

"கோவமா?"

"உனக்கு அவர்கூட இருந்தாத்தான் சிரிப்பு வருது."

சொன்னதும் நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவள் வண்டியை ஓரமாக நிறுத்தினாள். கோபப்படுவாள் என்று நினைத்தேன். கோபப்படவில்லை.

"பன்னீர் மேலயா உங்களுக்குப் பொறாமை? அவன் பிராக்டிகல் நோட்டு எழுதாம என்னுதைப் பாத்துக் காப்பி அடிச்சவன்ங்க."

"பின்ன நான் வந்தா என்ன?"

எஞ்சினை அணைத்தாள். "நீங்க வந்தா, நீங்க சாப்பிட்டீங்களா, மாத்திரை போட்டீங்களா, தூங்குனீங்களான்னு பாத்துக்கிட்டே இருப்பேன். நீங்க பாக்கச் சொல்ல மாட்டீங்க. ஆனா நான் பாப்பேன். அது எனக்குப் பழகிடுச்சு. ரெண்டே ரெண்டு நாள்... நான் யாரையும் பாக்காம இருந்துட்டு வர்றேனே?"

நான் பொறாமைப்பட்டது பன்னீரைப் பார்த்து இல்லை என்பது அந்த ரோட்டோரத்தில்தான் எனக்குப் புரிந்தது. அவளைப் பார்த்து. நான் இல்லாமலேயே அவளால் அவ்வளவு சந்தோஷமாக இருக்க முடிகிறதே என்று. புரிந்ததால் பொறாமை குறைந்ததா? இல்லை. கொஞ்சம் கூடியது. ஆனால் "போயிட்டு வா" என்று சொல்ல முடிந்தது.

அறுவடை மும்முரம் ஆவதற்குள் கிளம்பிப் போனாள். லேசான ஹேமக், லேசான பை. மலையில் சிக்னல் சரியாக இல்லை. வந்து சேர்ந்தது ஒரே ஒரு போட்டோ: ஒரு பச்சைத் துணி, அதிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் அவள் பாதங்கள், மேலே மரக்கிளை. அந்தப் பாதங்கள் சந்தோஷமாக இருந்தன. பாதத்தில் தெரியுமா என்று கேட்பீர்கள். எனக்குத் தெரிந்தது.

வந்ததும் கேட்டேன். "எப்படி இருந்துச்சு?"

"முத நாள் ராத்திரி செத்தேன். மேல போர்வை இருக்கு, ஆனா அடியில காத்து! முதுகெல்லாம் ஐஸ். ஹேமக்ல கீழ ஒரு மெத்தை விரிப்பு போடணுமாம். யாருக்கும் தெரியல."

"பன்னீர் சொல்லலையா?" ஆவலை அடக்கிக்கொண்டுதான் கேட்டேன்.

"அவன்தான் எங்க எல்லாரையும்விட அதிகமா நடுங்கினான்."

அன்று மதியம் இரண்டு கரண்டி சோறு அதிகம் சாப்பிட்டேன். மறைப்பானேன்?

"ரெண்டாம் நாள்?"

"தோட்டத்து வீட்டுல ஆளுக்கொரு தெர்மக்கோல் ஷீட் குடுத்தாங்க. அடியில போட்டுப் படுத்தேன் பாருங்க... அப்படி ஒரு தூக்கம். கனவுகூட வரல."

மூன்றாவது கரண்டிக்கு நான் தட்டை நீட்டவில்லை.

இதெல்லாம் நடந்து முடிந்து, நேற்று என் போனுக்கு ஒரு மெசேஜ். பன்னீரிடமிருந்து. 'சார், உங்க பெரிய ஹேமக் நம்ம தோப்புக்கு நல்லா இருக்கும். ஜிப்பையும் சரி பண்ணிடலாம். அடுத்த சனிக்கிழமை வாங்களேன். நடை எல்லாம் கிடையாது. இளநி குடிச்சிட்டு, படுத்துக்கிட்டு, பேசிட்டு இருப்போம். நாம ரெண்டு பேர் மட்டும்.'

வசந்தியிடம் நீட்டினேன். படித்தாள். மறுபடி படித்தாள்.

"உங்களை மட்டுமா கூப்பிட்டிருக்கான்?"

"ஆமா."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே!"

போனைத் திருப்பிக் கொடுத்தாள். "போயிட்டு வாங்க, எனக்கென்ன" என்றாள். அப்புறம் அடுப்படியில் பாத்திரங்கள் வழக்கத்தைவிடக் கொஞ்சம் சத்தமாகவே உருண்டன.

கட்டாயம் போகப் போகிறேன். ஒரு வீட்டில் ஒரு நேரத்துக்கு ஒருத்தர் பொறாமைப்பட்டால் போதாதா?