‘அவோரித்தா’ பட்டன்

குவாதலஹாரா நகரத்தில் ஒத்தீலியாவின் வேலையைக் கேட்டால் சொந்தக்காரர்களே சிரிப்பார்கள். பட்டன் மேல் என்ன எழுதுவது என்று யோசிக்க ஓர் ஆளுக்குச் சம்பளமா? அவளுடைய கம்பெனி செய்த செயலியை ஆலைகளும் ஆஸ்பத்திரிகளும் வாங்கின. நிர்வாகம் சொல்வது கடைசித் தொழிலாளியின் போன் வரை போய்ச் சேர வேண்டும், அவன் பதிலும் திரும்பி வர வேண்டும். அவ்வளவுதான் சமாச்சாரம்.

ஆரம்பத்தில் பதில் பட்டனில் ‘தகவல் பெறப்பட்டது’ என்று இருந்தது. ஒருத்தனும் தொடவில்லை. எந்த மனுஷன் வாயில் அப்படி வரும்? அவள் அதைத் தூக்கிவிட்டு ‘அவோரித்தா’ என்று போட்டாள். நம்முடைய ‘இதோ’ மாதிரி. இப்பவே என்றும் அர்த்தம், அப்புறம் என்றும் அர்த்தம், ஆளை விடு என்றும் அர்த்தம். அந்த ஊரில் அந்தச் சொல் இல்லாமல் ஒரு நாள் போகாது. ஜனம் அமுக்கு அமுக்கென்று அமுக்கியது.

அவள் தம்பி நாபோர் வேலை செய்த பெயின்ட் ஆலையும் செயலியை வாங்கியது. ஞாயிற்றுக்கிழமை அம்மா வீட்டில் சோளமும் கறியும் போட்ட பொசோலே சூப் சாப்பிடும்போது அவன் அவளை ஓட்டித் தள்ளுவான்.

“அக்கா, உனக்குக் கோயில் கட்டணும். மேனேஜர் மீட்டிங்குக்குக் கூப்பிடுறான், நான் பட்டனை அமுக்கிட்டு இன்னொரு டாக்கோ தின்னுட்டுப் போறேன். அவனுக்குப் பச்சை லைட், எனக்கு டாக்கோ.”

“சோம்பேறி. என் மானத்தை வாங்காத.”

“நீ எழுதினதைத்தானே அமுக்குறேன்?”

அவளுக்குப் பெருமை தாங்கவில்லை.

பெருமை கண்ணை மறைக்கும்தானே. புரோகிராம் எழுதும் ஹசிந்தோ ஒரு நாள் அவள் மேசைக்கு வந்தான். “ஒத்தி, ஆபத்து அறிவிப்புக்கும் இதே பட்டன்தான் போகுது. அமுக்கினா ஆள் வெளிய வந்ததா கணக்காயிடும். அதுக்குத் தனியா ஏதாவது எழுதிக் குடேன்.”

அவள் திரையிலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னாள். “அவோரித்தா.”

அவனும் சரியென்று போய்விட்டான். அந்த ஊர்க்காரன்தானே அவனும்.

சில வாரம் கழித்து நாபோரின் ஆலையில் பெயின்ட்டில் கலக்கும் கரைப்பான் கசிந்தது. எல்லாரும் வெளியேறுங்கள் என்று போன்கள் அலறின. கொட்டகைக் கோடியில் இருந்த நாபோர், டிரம் மூடியை இறுக்கிவிட்டுப் போகலாம் என்று பழகிய கையால் பட்டனை அமுக்கினான். வாசலில் மேற்பார்வையாளர் போனைப் பார்த்தார். எல்லாப் பெயரும் பச்சை. தீயணைப்புக்காரர்களிடம் “எல்லாரும் வந்தாச்சு” என்றார். ஆவியில் மயங்கி விழுந்தவனைத் தேடி யாரும் உள்ளே போகவில்லை. போனபோது உயிர் இல்லை.

ஆபீசில் யாரும் அவளைக் குற்றம் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலாவது அழுது தீர்த்திருப்பாள், பாவி. துக்கம் முடிந்து வந்தவள் ஹசிந்தோவிடம் ஒரு வரி எழுதிக் கொடுத்தாள்: ‘நான் வெளியே வந்துவிட்டேன்.’ அவன் காப்பி ஆறுவதற்குள் அதைப் பட்டனில் ஏற்றிவிட்டான். இவ்வளவுதானா வேலை, இதற்கா என் தம்பி போனான் என்று அவள் கழிவறையில் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

ஹசிந்தோ கேட்டதை அவள் வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. அம்மாவிடம் எந்த வாயால் சொல்வது?

அடுத்த ஞாயிறு அம்மா சமையலறையிலிருந்து கூப்பிட்டாள். “ஒத்தி, சாப்பிட வா.”

நாபோரின் சட்டைகளை மடித்துக்கொண்டிருந்தவள் வாயிலிருந்து பழக்கத்தில் வந்துவிட்டது. “அவோரித்தா, அம்மா.”

கரண்டிச் சத்தம் நின்றது. அம்மா ஈரக்கையோடு வந்தாள். மகளின் மணிக்கட்டை இறுகப் பிடித்துத் தரதரவென்று இழுத்துப்போய் நாற்காலியில் உட்காரவைத்தாள். உட்கார்ந்த பிறகும் பிடியை விடவில்லை.

“அப்படிச் சொல்லாதடி. அன்னிக்குச் சாப்பிட்டியான்னு போன்ல கேட்டேன். அவனும் அதைத்தான் சொன்னான்.”